கேளாமல் கிடைப்பதே உரிமை

‘அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்’ என்பது வீட்டில் சொல்லப்படும் அறிவுரை. வடக்கு, கிழக்குக்கு வெளியே இலங்கையின் பல உள்ளூராட்சி மன்றங்களில் அதுவே மொழிக் கொள்கையாக நடைமுறையில் இருக்கிறது. கூட்டம் சிங்களத்தில் நடக்கும். நிகழ்ச்சி நிரல் சிங்களத்தில் வரும். கூட்டறிக்கையும் சிங்களத்தில் எழுதப்படும். தமிழில் வேண்டுமென்றால் கேளுங்கள், ஏற்பாடு செய்து தருகிறோம். இதுவரை யாரும் கேட்கவில்லையே, கேட்காததை எப்படிக் கொடுப்பது என்பார்கள். இந்தப் பதில் பகையோடு சொல்லப்படுவதில்லை, பெரும்பாலும் புன்னகையோடுதான் வருகிறது. அதனாலேயே அது நியாயம் போலத் தோன்றுகிறது. தமிழ் உறுப்பினர்களும் சரிதானே என்று நகர்ந்துவிடுகிறார்கள். நல்லெண்ணம் கொண்ட சிங்களத் தவிசாளர்களும் தம் கடமை முடிந்ததாக நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். ‘கேட்டால் தருவோம்’ என்ற ஏற்பாடு உரிமையை மனுவாக மாற்றுகிறது. பிறகு மனு வராததையே உரிமை தேவைப்படவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறது.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆனால் அதைச் செயற்படுத்தும் ஒழுங்குவிதிகள் 1966 ஜனவரியில்தான் நிறைவேறின. ஏழு ஆண்டுகளுக்கு மேல் சட்டம் ஏட்டில் இருந்தது, வழி இல்லாமல் இருந்தது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டின் பதினாறாம் திருத்தம் சிங்களமும் தமிழும் நாடு முழுவதற்கும் நிர்வாக மொழிகள் என்று வகுத்தது. அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை பாராளுமன்றம், மாகாண சபை ஆகியவற்றோடு உள்ளூராட்சி மன்றத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, உறுப்பினர் தம் கடமைகளை இரு தேசிய மொழிகளில் எதிலும் ஆற்றலாம் என்கிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் உத்தியோகத்தருடன் தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறவும், பார்வையிட உரிமையுள்ள பதிவேடுகளின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ பெறவும் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. இம்மொழிகளைப் பயன்படுத்தப் போதிய வசதிகளை அரசு வழங்க வேண்டும் என்று 25ஆம் உறுப்புரை கட்டளையிடுகிறது. வசதி செய்யும் கடமை அரசின் தோளில் வைக்கப்பட்டிருக்கிறது. கேட்பவர் கேட்டால் மட்டும் என்ற நிபந்தனை அந்த 25ஆம் உறுப்புரையில் இல்லை.

இதற்கு ஒரு பதில் வரும்: வடக்கு கிழக்குக்கு வெளியே பதிவேடுகளைச் சிங்களத்தில் பேணலாம் என்று அதே 22ஆம் உறுப்புரை சொல்கிறதே? சொல்கிறது, மறுக்கவில்லை. பதிவேட்டைச் சிங்களத்தில் பேணுவது வேறு, அந்தப் பதிவேடு உருவாகும் கூட்டத்திலிருந்து தமிழ் பேசுபவரை விலக்கி வைப்பது வேறு. இந்த வேறுபாட்டை நம் அரசியலமைப்பே இன்னொரு இடத்தில் தெளிவாகக் காட்டுகிறது. நீதிமன்றங்கள் பற்றிய 24ஆம் உறுப்புரை, வழக்கு நடக்கும் மொழியை அறியாத தரப்பினர் நடவடிக்கைகளை விளங்கிக்கொண்டு பங்கேற்கும்படி, அரசே உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் வழங்க வேண்டும் என்கிறது. நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் என்பது ஒரு நிரந்தரப் பதவி. விளக்கமறியலில் இருந்து கொண்டுவரப்படுபவர் ஏழு நாட்களுக்கு முன் கடிதம் எழுதி அவரை வரவழைக்க வேண்டியதில்லை. ஆக, ஒரு மனிதர் சட்டவிரோதக் கட்டடம் கட்டினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு நீதவான் முன் நிற்கும்போது அவருடைய மொழி அவருக்காகக் காத்திருக்கிறது. அதே மனிதர் கட்டட அனுமதி விதிகளைத் தீர்மானிக்கும் சபைக்கு வரும்போது அவருடைய மொழியை அவரே தேடிக்கொண்டு வர வேண்டும். தண்டிக்கும்போது புரிய வைக்கும் அரசு, விதி செய்யும்போது புரிய வைக்க மறுப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இனி ‘யாரும் கேட்பதில்லை’ என்ற கூற்றுக்கு வருவோம். ஒரு வேண்டுகோள் பிறப்பதற்கு என்னென்ன நடக்க வேண்டும் என்று படிப்படியாக எண்ணிப் பாருங்கள். கூட்டம் இன்ன நாளில் நடக்கிறது என்ற அறிவித்தல் சபை அலுவலகப் பலகையில் சிங்களத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. தன் தெருவின் வடிகாலோ தன் வீட்டின் சோலைவரியோ அன்று பேசப்படப் போகிறது என்பது நிகழ்ச்சி நிரலில் சிங்களத்தில் இருக்கிறது. உரைபெயர்ப்பு கேட்கலாம் என்ற ஏற்பாடு ஒன்று இருந்தாலும் அது எந்த அறிவித்தலிலும் தமிழில் எழுதப்படவில்லை. யாரிடம், எந்தப் படிவத்தில், எத்தனை நாட்களுக்கு முன் கேட்பது என்பதைச் செயலாளரின் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்; அங்கே முன்மேசையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். இத்தனையும் தாண்டி ஒருவர் கடிதம் கொடுத்தால் அதைத் தமிழில் படித்துப் பதிவு செய்ய ஆள் வேண்டும். உரைபெயர்ப்பு கேட்பதற்கே உரைபெயர்ப்பாளர் தேவைப்படும் வட்டம் இது. படலையைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்துவிட்டு, யாரும் உள்ளே வருவதில்லை என்று குறை சொல்வது போன்றது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் வேண்டுகோள் பதிவேடு வெறுமையாக இருப்பது தேவை இல்லை என்பதற்கு அடையாளமாகாது. ஏற்பாடு எந்த அளவுக்கு அடைபட்டிருக்கிறது என்பதைத்தான் அந்த வெற்றுப் பக்கம் காட்டுகிறது.

கேட்கும் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை, மாத்தளை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரை எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவில் போல அவர்கள் பெரும்பான்மை அல்லர். சிங்களத்தில் இயங்கும் சபைகளின் எல்லைக்குள் சிதறி வாழ்கிறார்கள். 1987இன் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்கு சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. லயத்துக்குப் போகும் பாதையை சபை செப்பனிட வேண்டுமானால் தோட்ட நிர்வாகத்தின் தயவு தேவைப்பட்டது. அந்தச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, வாக்களிக்கும் நாளைத் தவிர மற்ற நாட்களில் சபை தங்களுக்கானதல்ல என்று சட்டமே கற்றுக்கொடுத்த மக்கள் இவர்கள். அவர்கள் திடீரென்று சபை வாசலுக்கு வந்து உரைபெயர்ப்புக் கேட்கவில்லை என்பதை வைத்து அவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டுவது, தடுத்து வைத்தவர்களே வரவில்லை என்று பழி சொல்வதாகும். கேட்கும் துணிவு ஏற்கெனவே கிடைத்தவர்களுக்குத்தான் வரும். ஒருமுறை பதில் கிடைத்தவர் இரண்டாம் முறை கேட்பார். ஒருபோதும் கிடைக்காதவர் கேட்பதையே மறந்துவிடுவார்.

உறுப்பினர் நிலையும் இதைவிட மேலானதல்ல. 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறையாகப் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. அரசியல் குடும்பப் பின்னணி இல்லாத, சபைக்கே புதியவர்களான பெண்கள் பலர் உறுப்பினர்களானார்கள். அவர்களில் தமிழ் மட்டும் அறிந்த ஒருவர், சிங்களத்தில் நடக்கும் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்யுங்கள். பக்கத்து ஆசனத்தில் இருக்கும் இருமொழி அறிந்த சக உறுப்பினர் இரக்கப்பட்டுக் காதோடு சொல்கிறார். பத்து நிமிட உரைக்கு அவர் தரும் சுருக்கம் ‘சந்தைக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறார், வேண்டாம் என்கிறார்’ என்ற ஒரே வரி. எந்தக் கடைத்தொகுதி, எத்தனை இலட்சம், எந்தக் கேள்விப்பத்திரம், யார் ஆட்சேபித்தார் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் கரைந்துவிடுகின்றன. சொல்பவர் வேறு கட்சிக்காரராக இருந்தால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதும் அவர் கையில். கை உயர்த்தச் சொன்னதும் கை உயர்கிறது. அடுத்த மாதம் கூட்டறிக்கையை உறுதிப்படுத்தும்போது, தாம் வாசிக்க முடியாத ஓர் ஆவணம் தம் வாக்கைச் சரியாகப் பதிந்திருக்கிறது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். 20ஆம் உறுப்புரை தந்த உரிமை பக்கத்து ஆசனக்காரரின் இரக்கத்தில் தொங்குகிறது. அந்த வாக்கை நம்பி அவரைத் தேர்ந்தெடுத்த வட்டார மக்களுக்கு இதில் என்ன பிரதிநிதித்துவம் மிஞ்சுகிறது?

‘தென்னிலங்கைத் தமிழருக்குச் சிங்களம் தெரியும்தானே’ என்பது அடுத்த ஆட்சேபம். பலருக்குத் தெரியும். ஆனால் என்ன சிங்களம் தெரியும் என்பதைக் கேட்க வேண்டும். தமிழைப் போலவே சிங்களமும் பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் வெகுதூரம் விலகிய மொழி. சந்தையில் விலை பேசவும், பேருந்து நடத்துனரிடம் மீதிக் காசு கேட்கவும், அயலவரோடு குடும்பக் கதை பேசவும் போதுமான சிங்களம், ஓர் உபவிதியின் வாசகத்தையோ காணி சுவீகரிப்பு அறிவித்தலையோ படிக்கப் போதாது. பேசத் தெரிந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத தமிழர் கொழும்பிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாநகர எல்லைக்குள் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பாதிக்கு மேல். நாடு முழுவதும் எடுத்தால் இவர்கள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். இவர்களில் தமிழ்வழியில் படித்தவர்கள் தம் வாழ்வைப் பாதிக்கும் ஆவணத்தைத் தமிழில்தான் துல்லியமாக வாசிப்பார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சிங்களம் நன்றாகத் தெரிந்த தமிழருக்கும் இந்த உரிமை குறைவதில்லை. ஆங்கிலம் சரளமாகத் தெரிந்த சிங்கள உறுப்பினரிடம், உங்களுக்குத்தான் ஆங்கிலம் வருமே, சிங்களத்தில் ஏன் நிகழ்ச்சி நிரல் என்று எவரும் கேட்பதில்லை. அரச கரும மொழி என்பது வேறு வழியில்லாதவருக்குப் போடும் பிச்சை அல்ல.

செலவு பற்றிய ஆட்சேபத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. சிறிய பிரதேச சபைகளின் வருமானம் உண்மையிலேயே சொற்பம். ஆனால் தேவை எவ்வளவு என்று அளந்து பார்த்த பிறகே செலவைப் பேச வேண்டும். பொதுக் கூட்டம் வழமையாக மாதத்துக்கு ஒருமுறை. அதற்கு வேண்டியது பயிற்சி பெற்ற இரண்டு உரைபெயர்ப்பாளர்கள், காதுக்கருவிகள் கொஞ்சம், முன்கூட்டியே கையில் கிடைக்கும் நிகழ்ச்சி நிரல். இருவர் என்பது ஆடம்பரமல்ல. சமகால உரைபெயர்ப்பில் ஒருவர் இருபது முப்பது நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்தால் களைப்பில் பிழை விழும், எனவே மாறி மாறிச் செய்வதே தொழில் முறை. ஒவ்வொரு சபையும் தனித்தனியே ஆள் நியமிக்க வேண்டியதில்லை. ஒரு மாவட்டத்தின் சபைகள் கூட்ட நாட்களை மாற்றி அமைத்து, மாகாண மட்டத்தில் ஒரே குழுவையும் ஒரே கருவித் தொகுதியையும் பகிர்ந்துகொள்ளலாம். ஸ்ரீ ஜயவர்த்தனபுரவில் பாராளுமன்றம் பல ஆண்டுகளாகச் சமகால உரைபெயர்ப்போடுதான் இயங்குகிறது. அங்கே எந்த உறுப்பினரும் இன்று எனக்குத் தமிழ் வேண்டும் என்று விண்ணப்பிப்பதில்லை, காதுக்கருவியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். மேலும் இந்தச் செலவைத் தமிழருக்கான செலவு என்று கணக்கெழுதுவதே பிழை. தமிழில் பேசும் உறுப்பினரைப் புரிந்துகொள்ள முடியாமல் இருப்பவர் சிங்கள உறுப்பினர். அந்தக் காதுக்கருவி அவருக்கும்தான்.

‘கூட்டம் இழுபடும்’ என்பார்கள். சமகால உரைபெயர்ப்பில் இழுபடாது. கருவி இல்லாமல் ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பெயர்த்துச் சொல்லும் முறையில் நேரம் கூடத்தான் செய்யும். அந்த நேரத்தை யாருடைய கணக்கிலிருந்து கழிப்பது என்பதில்தான் நியாயம் இருக்கிறது. கலிபோர்னியாவில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். உள்ளூராட்சிக் கூட்டங்களில் பொதுமக்கள் பேசுவதற்கு நேர வரம்பு விதிக்கும் சபை, உரைபெயர்ப்பாளர் வழியாகப் பேசுபவருக்கு அந்த நேரத்தைக் குறைந்தது இரட்டிப்பாக்க வேண்டும் என்று 2016இல் அங்கே சட்டம் செய்யப்பட்டது. சமகால உரைபெயர்ப்புக் கருவி இருந்தால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. மூன்று நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் பெயர்ப்புக்குப் போய்விட்டால், எல்லோருக்கும் மூன்று நிமிடம் என்ற சமத்துவம் ஒருவருக்கு மட்டும் பாதி நாக்கைத் தருகிறது. இதை அந்தச் சட்டம் கண்டுகொண்டது.

அமெரிக்காவை எடுத்ததும் எதிர்த்தரப்பு உற்சாகமாகச் சொல்லும்: சான் பிரான்சிஸ்கோவிலும் 48 மணி நேரம் முன்பே கேட்டால்தானே உரைபெயர்ப்பு? வளர்ந்த நாட்டிலேயே அப்படியென்றால் நம்மை ஏன் குறை சொல்கிறீர்கள்? இந்த ஒப்பீட்டில்தான் அவர்களுடைய வாதத்தின் அடிப்படைப் பிழை வெளிப்படுகிறது. அங்கே சீனமும் ஸ்பானியமும் அரசியலமைப்பால் அரச கரும மொழிகளாக்கப்பட்டவை அல்ல. ஆங்கிலம் நன்கு தெரியாத குடிமக்களையும் விலக்கக் கூடாது என்பதற்காக நகரசபையே தன் சொந்தச் சட்டத்தால் அந்த மொழிகளுக்கு இடம் கொடுத்தது. அங்கேயும், உரைபெயர்ப்பு கேட்கலாம் என்ற குறிப்பு நிகழ்ச்சி நிரலில் அந்தந்த மொழிகளிலேயே அச்சாகிறது. ‘கேட்டால் தருவோம்’ என்ற முறைக்கு நியாயமான இடம் உண்டு என்பதை நானும் ஏற்கிறேன். ஓர் ஊரில் சிலர் மட்டும் பேசும் மொழிக்கும், சைகை மொழி உரைபெயர்ப்பாளரை எந்தக் கூட்டத்துக்கு அழைப்பது என்று அறிவதற்கும், தடித்த அறிக்கையொன்றின் முழு மொழிபெயர்ப்புக்கும் அது பொருந்தும். நாட்டின் அரச கரும மொழிக்கு அதைப் பொருத்துவது, குடும்பத்தில் ஒருவரை விருந்தாளி என்று எழுதி வைப்பதாகும்.

‘கைத்தொலைபேசியே இப்போது மொழிபெயர்க்கிறதே’ என்பது அண்மைக்கால ஆட்சேபம். கருவி துணையாக இருக்கட்டும். பொறுப்பை அதனிடம் கொடுக்க முடியாது. பேருந்து ஆசனப் பலகையொன்றில் கர்ப்பிணித் ‘தாய்மார்’ என்பது ‘நாய்மார்’ என்று எழுதப்பட்ட படம் பரவலாகப் பகிரப்பட்டது. பலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஆசனத்தில் அமர வேண்டிய தமிழ்ப் பெண்ணுக்கு அது அவமதிப்பு. ஓர் எழுத்து மாறியதும், தமிழ் தெரிந்த ஒருவர்கூட அதைச் சரிபார்க்கவில்லை என்பதும்தான் அங்கே நடந்தவை. சரிபார்க்கும் மனிதர் இல்லாத இடத்தில் கருவி அதே பிழையை இன்னும் வேகமாகச் செய்யும். சபைக் கூட்டத்தில் சிங்களம், ஆங்கிலம், ஊர்ப் பெயர், வரிச் சொல் எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். அதில் ஒரு தொகையோ ஓர் எல்லையோ தவறாகப் பெயர்க்கப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? உரைபெயர்ப்பாளர் என்ற பதவிக்குப் பெயரும் பொறுப்பும் உண்டு. செயலிக்கு இல்லை.

எல்லாவற்றிலும் உயர்வாகத் தோன்றும் ஆட்சேபம் ஒன்று எஞ்சியிருக்கிறது: உரைபெயர்ப்பு மக்களைப் பிரித்தே வைக்கும், ஒருவர் மொழியை ஒருவர் கற்பதே நல்லிணக்கம். கற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. புதிதாகச் சேரும் அரச உத்தியோகத்தர் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007இலேயே சுற்றறிக்கை வந்தது. ஆனால் கற்றல் தலைமுறைகளின் வேலை. சோலைவரித் தீர்மானம் இந்த மாதக் கூட்டத்தின் வேலை. எல்லோரும் கற்று முடிக்கும்வரை தீர்மானங்களை ஒத்திவைக்க எந்தச் சபையும் தயாராக இல்லையென்றால், அதுவரை பாலமாக உரைபெயர்ப்பு வேண்டும். இந்தப் பாலம் ஒருவழிப் பாதையும் அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் இயங்கும் சபையின் எல்லைக்குள் வாழும் சிங்களக் குடும்பத்துக்கும் 22ஆம் உறுப்புரை இதே உரிமையைத் தருகிறது. அங்கே தமிழ்த் தவிசாளர் ஒருவர் ‘யாரும் சிங்களத்தில் கேட்கவில்லையே’ என்று சொன்னால், இந்தக் கட்டுரையின் ஒவ்வொரு வரியும் அவருக்கும் பொருந்தும். நமக்கு மட்டும் கேட்கும் நியாயம் நியாயமாகாது.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே உள்ளூராட்சி நடந்தது. 2025 மே 6 தேர்தலோடு புதிய உறுப்பினர்கள் ஆசனங்களில் அமர்ந்தார்கள். அவர்கள் செய்ய வேண்டியது பெரிய புரட்சி எதுவும் இல்லை. கூட்ட அறிவித்தலும் நிகழ்ச்சி நிரலும் தீர்மானங்களின் சுருக்கமும் இரு மொழிகளிலும் ஒரே நாளில் வெளிவர வேண்டும், ஒன்று இல்லாமல் மற்றது செல்லாது என்று சபை தன் நடைமுறை விதியில் ஒரு வரி சேர்க்கலாம். வரவு செலவுத் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது தமிழ்ப் பிரதியும் அதே மேசையில் இருக்கலாம். உரைபெயர்ப்பு இல்லாமல் எந்த வாக்கெடுப்பும் இல்லை என்று தீர்மானிக்கலாம். இவற்றைச் செய்யாத அதிகாரியைப் பற்றி அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிட 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. அந்த வழியை உறுப்பினர்களே முதலில் பயன்படுத்தட்டும், தனி மனிதர் ஒருவரை அலையவிட வேண்டாம். கேள்வி கேட்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடுதான். அதைக் கேட்க வேண்டியவர் வாசலில் நிற்கும் குடிமகன் அல்லர். உள்ளே வருபவரைப் பார்த்து, உங்களுக்கு எந்த மொழியில் வேண்டும் என்று சபை கேட்கட்டும். இரண்டு மொழியும் அதன் மேசையில் ஏற்கெனவே தயாராக இருக்கட்டும்.